வண்டி விக்குதுங்க

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. கெபாசிட்டர் மாற்றினேன். "ஊர் வண்டியெல்லாம் பாக்கறவரு வீட்டுல மோட்டார் ஓடாது" என்று பாக்கியம் குத்திக்காட்டினாள். கட்டிக்கொண்டவள் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

பதினோரு மணிக்கு நாச்சிமுத்து அய்யாவின் வெள்ளைக் காரை வேறொரு வண்டியில் கட்டி இழுத்து வந்து பட்டறையில் விட்டார்கள். போன மார்ச்சில் மடத்துக்குளத்துக்குப் பக்கத்தில் தேங்காய் மட்டை லாரியின் பின்மூலையில் மோதிய வண்டி. அவர் மனைவி மரகதக்கா அதில்தான் இறந்தார். இடப்பக்கத் தூணும் கூரையும் உள்ளே மடங்கிக் கிடக்கின்றன. அய்யா உட்கார்ந்து ஓட்டிய வலப்பக்கத்தில் ஒரு கீறல் இல்லை. இன்ஜினுக்கும் ஒன்றும் ஆகவில்லை. சில மாதம் போலீஸ் ஸ்டேஷனில், பிறகு அவர் வீட்டு ஷெட்டில் கிடந்திருக்கிறது.

"ரிப்பேர் பண்ண வேண்டாமுங்க பிரகாசு" என்றார் கூடவே வந்த நாச்சிமுத்து அய்யா. "லாரியத் தாண்டறப்ப மிதிச்சேன், வண்டி போகல. எதுக்கால பஸ் வந்துருச்சு, இந்தப் பக்கம் ஒடிச்சுட்டேன். சுகந்தி நம்ப மாட்டேங்குது. பயத்துல பிரேக்கை மிதிச்சிருப்பீங்கன்னு சொல்லுது. எங்காலு தப்பா, வண்டி தப்பா, அது மட்டும் எனக்குத் தெரியோணும்."

சுகந்தி அவருடைய ஒரே மகள். திருப்பூரில் டீச்சர். அம்மா போன சமயத்தில் அதைச் சொன்னவள், பிறகு அப்பாவிடம் பேசுவதில்லை. வருஷத் திதிக்கு முன்னால் அந்த வண்டி வீட்டை விட்டுப் போக வேண்டும் என்று மட்டும் ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். திதி மார்ச் ஆறு. பழைய இரும்புக்காரர் இருபதாம் தேதி வண்டியை எடுக்க இங்கேயே வருவார்.

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். இந்த வண்டி முன்பும் ஒரு தடவை என்னிடம் வந்திருக்கிறது. உடுமலையில் பாதி வண்டிகள் வந்திருக்கும்.

பிப்ரவரி 4, செவ்வாய்

இரண்டு வண்டிக்கு பிரேக் பேடு. ஒரு வண்டிக்கு கிளட்ச் கேபிள். வெள்ளை வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டேன். தூசி விழுமே.

பிப்ரவரி 6, வியாழன்

பழைய பெட்ரோலை எடுத்துவிட்டுப் புதிது ஊற்றினேன். வேறு பேட்டரி வைத்தேன். இரண்டாவது தடவையிலேயே பிடித்துக்கொண்டது. மாதக்கணக்கில் கிடந்த வண்டி கொஞ்சம் முரண்டு பிடித்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்.

ஸ்கேனர் மாட்டினேன். வண்டிக் கம்ப்யூட்டர் குறையைக் குறித்து வைக்கும் நம்பர், நாங்கள் கோடு என்போம், அது ஒன்றும் இல்லை. பேட்டரி இல்லாமல் இத்தனை மாதம் கிடந்தால் மெமரி காலியாகத்தான் இருக்கும். நிம்மதியாக இருந்தது.

நிம்மதி என்று ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. பேனாவில் எழுதியதை அடித்தால் அசிங்கமாக இருக்கும். இருக்கட்டும்.

மிதித்தால் போகவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பெட்ரோல் பம்ப். நன்றாக இருக்கிறது. அடுத்து த்ராட்டில் சென்சார். நாம் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது இன்ஜினுக்குக் காற்று போகும் வாய் திறக்கிறது. எவ்வளவு திறந்தது என்று இன்ஜினின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது இந்தத் தீப்பெட்டியளவு கறுப்புச் சாமான். அதை நம்பித்தான் கம்ப்யூட்டர் பெட்ரோல் விடும். மீட்டர் வைத்துப் பார்த்தேன். மிதிக்காதபோது அரை வோல்ட், முழுக்க மிதித்தால் நாலரை. இரண்டு முனையும் சரி. போன தடவையும் இதேதான் இருந்தது.

பிப்ரவரி 7, வெள்ளி

நாச்சிமுத்து அய்யா வந்தார். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபதை நெருங்குகிறார். வாசல் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வண்டியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்தார். போய்விட்டார். கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

பிப்ரவரி 8, சனி

இன்றைக்கு நடந்ததை உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்.

முன் கண்ணாடி இல்லாத வண்டியை ரோட்டில் எடுக்க முடியாது. அதனால் முன்பக்கத்தை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, சக்கரம் காற்றில் சுற்றும்படி விட்டு, உள்ளே ஏறி உட்கார்ந்தேன். மூன்றாவது கியர். பாரம் ஏற்றிய மாதிரி இருக்கட்டும் என்று இடது காலால் பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு மெதுவாக மிதித்தேன். முப்பது. நாற்பது. ஐம்பதைத் தொடும் இடத்தில் வண்டி ஒரு தடவை விக்கியது. மூச்சு நின்று திரும்ப வந்த மாதிரி. காலை எடுத்துத் திரும்ப மிதித்தேன். அதே இடத்தில் விக்கல்.

அப்போது இடப்பக்கத்திலிருந்து, "வண்டி விக்குதுங்க தம்பி" என்று கேட்டது.

"தெரியுதுக்கா" என்று நானும் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். கூரை இறங்கி சீட்டில் படுத்திருந்தது. அந்த சீட்டின் முதுகில் இடுப்பு வலிக்காகக் கட்டிய சின்னத் தலையணை இன்னும் இருந்தது. ஒரு ஆள் உட்கார அங்கே இடமே இல்லை.

பகல் பன்னிரண்டு மணி. வெளியே தளி ரோட்டில் பஸ் போய்க்கொண்டிருந்தது. பேய் பிசாசு என்று பேசுகிறவர்களைக் கிண்டல் செய்கிறவன் நான். வண்டியை அணைத்துவிட்டு வெளியே வந்து, டீக்கடை வரை நடந்துபோய், டீ குடிக்காமல் திரும்பினேன். பயந்துவிட்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

எண்ணெய் மாற்ற வந்த ஒரு வண்டியை ஓட்டிப் பார்த்தேன். அதுவும் விக்குவது போல இருந்தது. குறிச்சிக்கோட்டை வரை போய்த் திரும்பி வந்தேன். "ஆயில் மாத்தறதுக்கு எதுக்குங்கண்ணா இவ்வளவு தூரம்?" என்று அந்த வண்டிக்காரர் கேட்டார். வண்டியில் ஒன்றும் இல்லை. அடுத்து வந்த வண்டியிலும் எனக்கு அதே சந்தேகம் வந்தது, அதிலும் ஒன்றும் இல்லை.

மத்தியானச் சாப்பாட்டில் பாக்கியம், "யாரோட பேசுறீங்க?" என்றாள். நான் பேசவில்லையே என்றேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன்.

நான் எப்போதும் வைத்திருப்பது எண் காட்டும் மீட்டர். அது நிதானமாக அளந்து சொல்வதற்குள் சின்னத் தடுமாற்றம் நடந்து முடிந்துவிடும். பரணில் கிடந்த பழைய முள் மீட்டரை எடுத்தேன். சென்சாரின் சிக்னல் வயரில் குண்டூசியைச் செருகி, இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டு, த்ராட்டிலைக் கையால் மயிரிழை மயிரிழையாகத் திறந்தேன். முள் ஒழுங்காக ஏறியது. ஒன்றேகால் வோல்ட்டைத் தாண்டியதும் தொபுக்கென்று பூஜ்யத்துக்கு விழுந்து, எழுந்து, மேலே போனது. இருபது தடவை செய்தேன். இருபது தடவையும் அங்கேயே விழுந்தது.

முனையிரண்டும் சுத்தம், நடுவில் ஒரு இடத்தில் குழி. அந்த இடத்தில் கால் எவ்வளவு மிதித்தாலும், மிதிக்கவே இல்லை என்றுதான் கம்ப்யூட்டர் நினைக்கும். பெட்ரோலை நிறுத்தும். லாரியைத் தாண்டும்போது நிறுத்தினால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை.

அவர் கால் தப்பில்லை.

பிப்ரவரி 12, புதன்

மோதிய அதிர்ச்சியில்கூட சென்சார் போயிருக்கலாம். ஷெட்டில் ஈரம் பட்டும் போயிருக்கலாம். அதற்கு முன்னால் நன்றாகத்தான் இருந்திருக்கும். மோதியதற்குப் பிறகு போனது என்றால் முன்னால் பார்த்தவனை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

பழைய பேப்பர்காரர் வந்தார். பாக்கியம் அலமாரியைக் காலி செய்து போன வருஷ டைரியையும் பேப்பர்க் கட்டோடு சேர்த்திருந்தாள். நான் வண்டிச் சாமான் கடை கொடுக்கும் டைரியில் வருகிற வண்டியின் குறையையும் செய்த வேலையையும் எழுதி வைக்கிறவன். "அது வேணுமுங்களா?" என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பேப்பர்காரர் தெருமுனை தாண்டுவதற்குள் செருப்புக்கூடப் போடாமல் ஓடிப்போய் வாங்கி வந்தேன். பிரித்துப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

பிரித்தேன். போன வருஷம் பிப்ரவரி 19. என் கையெழுத்துதான்.

"நாச்சிமுத்து அய்யா வண்டி. அக்கா ஜெர்க் என்கிறார். த்ராட்டில் கோடு ஒன்று. எரேஸ். மீட்டரில் இரண்டு முனையும் ஓகே. சும்மா பயம். அனுப்பிவிட்டேன்."

எழுதாததையும் எழுதுகிறேன். ஸ்கேனரில் கோடு காட்டினால் முதலில் அழித்துவிட்டு, திரும்ப வருகிறதா பார்ப்போம் என்பது எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். நிஜக் குறை என்றால் திரும்ப வரும், வண்டிக்காரரும் திரும்ப வருவார். இவர்கள் திரும்ப வரவில்லை.

அன்றைக்குக் குறை சொன்னது அய்யா இல்லை. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. மரகதக்காதான் வண்டியை விட்டு இறங்கி வந்து சொன்னார். "வண்டி விக்குதுங்க தம்பி. அவரு ரோட்டப் பாத்துட்டு ஓட்டறாரு, அவருக்குத் தெரியறதில்ல. நான் சும்மா உக்காந்துட்டு வர்றவ, எனக்குத் தெரியுது. அம்பதுல போறப்ப ஒருக்கா விக்குது." ஐம்பதில் என்று இடம் முதற்கொண்டு சொன்னார். ரோட்டின் கடைசி வரை ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருந்தால் போதும். நான் பட்டறையை விட்டு வண்டியை நகர்த்தவே இல்லை.

அதற்குப் பதிலாக ஒரு தமாஷ் சொன்னேன். "விக்குனா ஒரு சொம்பு தண்ணி குடுங்கக்கா, நின்னு போயிரும்" என்றேன். நாச்சிமுத்து அய்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். நல்ல தமாஷ் என்று அன்றைக்குப் பூராவும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாவுக்கு நான் போகவில்லை. வேலை இருந்தது என்று பாக்கியத்திடம் சொன்னேன். வேலை ஒன்றும் இல்லை. பட்டறையைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 15, சனி

சென்சாரைக் கழற்றிப் பிரித்தேன். உள்ளே வில் போல வளைந்த கறுப்புப் பட்டை. அதன் மேல் ஒரு முள் தேய்ந்து தேய்ந்து நகரும். பட்டையில் ஒரே ஒரு இடத்தில் கறுப்பு முழுக்கப் போய் அடித்தளம் வெளுப்பாகத் தெரிந்தது. மோதி உடைந்தால் அப்படி ஆகாது. ஈரம் பட்டாலும் ஆகாது. வருஷக்கணக்கில் ஒரு கால் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அய்யா எப்போதும் ஐம்பதில் போகிறவர். வேகமாகப் போனால் மரகதக்காவுக்கு இடுப்பு வலிக்கும் என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அக்காவுக்காக மெதுவாகப் போய்த்தான் அந்த இடம் தேய்ந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு நான் என்ன செய்வது?

பிப்ரவரி 17, திங்கள்

சொல்லிவிட்டேன். பாதி.

பெஞ்சில் நாச்சிமுத்து அய்யா பக்கத்தில் உட்கார்ந்து சென்சாரைக் கையில் கொடுத்தேன். "உங்க கால் தப்பில்லீங்கய்யா. நீங்க மிதிச்சிருக்கீங்க. இது சொல்லல" என்றேன்.

அந்த வெளுத்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். "அப்ப விக்குனது நெசந்தானுங்களா?" என்றார்.

"நெசந்தானுங்க."

துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். ஒரு வருஷப் பாரம் இறங்குகிறது என்று நினைத்தேன். அழுது முடித்து, "இது எப்பத்தில இருந்துங்க?" என்று கேட்டார்.

"அது சொல்லிக்கிட்டு வராதுங்க. திடீர்னு போயிரும்" என்றேன்.

என்னையே பார்த்தார். "ஆகட்டுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

பொய் இல்லை. சில வண்டிகளில் திடீரென்று போவது உண்டு.

பிப்ரவரி 20, வியாழன்

வெள்ளை வண்டியை எடுத்துப் போய்விட்டார்கள். தலையணையை அவிழ்த்து வைத்துக்கொள்ளலாமா என்று நினைத்தேன். யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். இடம் காலியானதும் பட்டறை பெரிதாகத் தெரிகிறது. சத்தம் மட்டும் போகவில்லை. கியர் பாக்ஸ் கழற்றிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து "தம்பி" என்றது. திரும்பவில்லை.

பிப்ரவரி 22, சனி

சுகந்தி வந்தாள். அவளை நான் சின்னப் பிள்ளையாகப் பார்த்தது. நெற்றியும் குரலும் அப்படியே மரகதக்கா. வாசலில் நின்று, "அண்ணா" என்றதும் கையிலிருந்த ஸ்பானர் விழுந்துவிட்டது.

"அப்பா சொன்னாருங்கண்ணா. நீங்க கண்டுபுடிக்கலீன்னா சாகற வரைக்கும் நான் அவருகூடப் பேசியிருக்க மாட்டேன். ஒரு வருசமா அவர நான் என்னென்ன சொல்லிட்டேன் தெரியுங்களா?" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். திதிக்குக் கட்டாயம் வர வேண்டும் என்றாள்.

விழுந்த ஸ்பானரைக் குனிந்து எடுத்தேன். வருகிறேன் என்றேன். வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 25, செவ்வாய்

நாச்சிமுத்து அய்யா இன்றும் வந்தார். வண்டி போன பிறகும் வருகிறார். நன்றிக்காக வருகிறார் போல. முருங்கைக்காய் ஒரு கட்டுக் கொடுத்தார். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

பிப்ரவரி 27, வியாழன்

வந்தார். உட்கார்ந்திருந்தார்.

மார்ச் 1, சனி

வந்தார். இன்று கேட்டுவிட்டேன், ஏதாவது சொல்ல வேண்டுமா என்று. "எனக்கொண்ணும் இல்லீங்க பிரகாசு. உங்களுக்குங்க?" என்றார். எனக்கும் ஒன்றும் இல்லை என்றேன்.

மார்ச் 3, திங்கள்

நேற்று ராத்திரி பாக்கியத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திக் கேட்டாள். "தண்ணி குடுங்கன்னா சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள். தைலத்தை மூடி வைத்துவிட்டுப் படுத்தாள். காலையிலிருந்து மூன்று தடவை இட்லி வேண்டுமா என்று கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான் பேச்சு.

மார்ச் 6, வியாழன்

திதிக்குப் போனேன். கூடத்தில் மரகதக்கா படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். சொந்தக்காரர்கள் பத்துப் பேர் இருக்கும். சடங்கு முடிந்து ஐயர் கிளம்பிவிட்டார். பின்கட்டில் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். சுகந்தி என்னைக் கூட்டிப்போய்ப் படத்துக்கு முன்னால் நிறுத்தி, "இவருதான் அப்பா மேல தப்பில்லைன்னு கண்டுபுடிச்சவரு" என்று தன் சித்தியிடம் சொன்னாள். சித்தியும் கையெடுத்தார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"போன வருசம் பிப்ரவரியிலயே வண்டி எங்கிட்ட வந்துச்சும்மா" என்றேன். "அன்னிக்கே சென்சார் போயிருந்துச்சு. கம்ப்யூட்டரு சொல்லுச்சு, நான் அழிச்சுட்டேன். உங்கம்மாவும் சொன்னாங்க. வண்டி விக்குதுன்னு, எந்த வேகத்துலன்னுகூடச் சொன்னாங்க. நான் ஓட்டிப் பாக்கல. ஒண்ணுமில்லைன்னு அனுப்பிட்டேன்."

சித்தி வாயில் கையை வைத்துக்கொண்டார். சுகந்தி என் முகத்தையே பார்த்தாள். அடித்துவிடுவாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நாற்காலியில் இருந்த நாச்சிமுத்து அய்யா, "அன்னிக்கு நானும் பக்கத்துல நின்னேன் கண்ணு" என்றார். "இவரு தமாசு சொன்னாரு, நான் சிரிச்சேன். வண்டி எனக்குத் தெரியாதான்னு சொன்னேன். அத உங்கிட்ட நான் சொல்லல." என் பக்கம் திரும்பினார். "நீங்களா சொல்லோணும்னுதான் வந்து வந்து உக்காந்தேன். நீங்க சொன்னீங்கன்னா நானும் சொல்லிப்போடலாம்னு இருந்தேன். எனக்கும் தகிரியம் இல்லீங்க."

"என்ன தமாசு?" என்றாள் சுகந்தி.

சொன்னேன். அந்தக் கூடத்தில், அந்தப் படத்துக்கு முன்னால், ஒரு சொம்பு தண்ணி என்று வாயால் சொன்னேன்.

"அம்மா அதுக்கு என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலம்மா. எங்ககூடச் சேந்து அவங்களும் சிரிச்சாங்க. சிரிச்சுட்டே வண்டியில ஏறுனாங்க."

சுகந்தி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "அப்ப தனக்குத்தான் ஏதோ தப்பாத் தோணுதுன்னு நெனச்சுட்டே போயிருப்பாங்க" என்றாள். எங்கள் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

"இல்ல கண்ணு" என்றார் நாச்சிமுத்து அய்யா. "லாரிக்குப் பக்கத்துல போறப்ப வண்டி விக்குச்சு. நான் மிதிச்சுட்டே இருக்கறேன், போகமாட்டேங்குது. உங்கம்மா எம்பக்கம் திரும்பி, 'இதா, இதைத்தானுங்க சொன்னேன்'னா. பஸ்ஸை அவ பாக்கல. தான் சொன்னது சரியாப் போச்சுன்னு மூஞ்சியில ஒரு சந்தோசம். அதோட சரி."

சுகந்தி எழுந்து பின்கட்டுக்குப் போனாள். சித்தியும் போனார். இலை போட்டாயிற்று என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள், எல்லாரும் எழுந்து போனார்கள். எங்கள் இரண்டு பேரையும் யாரும் கூப்பிடவில்லை.